பழைய லாம்ப்ரெட்டா வாங்கலாமா? ஒரு நீள த்ரெட்

1/ இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "டாக்டர், பாண்டியில ஒரு பழைய இத்தாலி ஸ்கூட்டர் விலைக்கு வந்திருக்கு, வாங்கலாமா?" கேக்கறவங்கள்ல பாதிப் பேர் முதல் சம்பளம் வாங்கின ஜூனியர் டாக்டர்ஸ். சிலர் பர்சனல் லோன் போடவே தயாரா இருக்காங்க. அதனால ஒரே இடத்துல எழுதிடறேன்.

2/ நான் மெக்கானிக் இல்ல. வீட்டுல ஒரு லாம்ப்ரெட்டா ஓடுது, ஆஸ்பத்திரியில கேஷுவால்ட்டி டூட்டி பாக்கறேன். தகுதி அவ்வளவுதான். முடிவை முதல்லயே சொல்லிடறேன்: விலைக்கு வர்ற வண்டிகள்ல பெரும்பாலானதை வாங்கக் கூடாது. வாங்கக்கூடிய சிலதை எப்படிக் கண்டுபிடிக்கறதுங்கறதுக்குத்தான் இந்த த்ரெட்.

3/ பழைய பைக்னு சொன்னா நம்ம ஊர்ல புல்லட், இல்லன்னா ஜாவா. ஒண்ணு இங்கிலாந்து வம்சம், இன்னொண்ணு செக் வம்சம். பழைய டுகாட்டி, மோட்டோ குஸி எல்லாம் இங்க கண்ணுல படறதே அபூர்வம். இத்தாலி வம்சம்னா நமக்கு ஸ்கூட்டர்தான். 1946-ல வந்த வெஸ்பா, 1947-ல வந்த லாம்ப்ரெட்டா.

4/ வெஸ்பாவை இங்க பஜாஜ் 1960-கள்ல லைசென்ஸ் எடுத்து செஞ்சாங்க. அது 1971-ல முடிஞ்சதும் வந்ததுதான் சேத்தக். லாம்ப்ரெட்டாவை பம்பாயில ஏ.பி.ஐ. கம்பெனி செஞ்சது. 1950-களின் நடுவுல அந்தக் கம்பெனியை எடுத்து நடத்தினவர் நம்ம எம்.ஏ.சிதம்பரம். ஆமா, சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பேர் வெச்சிருக்கோமே, அவரேதான்.

5/ இத்தாலியில இன்னொசென்டி கம்பெனி 1971-ல லாம்ப்ரெட்டாவை நிறுத்தினப்போ, அந்த மெஷின்களை இந்திய அரசு வாங்கி லக்னோவுக்குக் கொண்டு வந்தது. ஸ்கூட்டர்ஸ் இந்தியா பிறந்தது அப்படித்தான். விஜய் சூப்பர் அங்கேர்ந்து வந்த வண்டி. ஸ்பேர் பார்ட்ஸ் இன்னிக்கும் கிடைக்குதுன்னா இந்தக் கதைதான் காரணம்.

6/ இந்த வரலாறு எதுக்குன்னா, விக்கறவங்க சொல்ற கதையை உரசிப் பாக்க. பாண்டிக்குன்னே ஒரு கதை உண்டு: "பிரெஞ்சுக்காரன் காலத்து வண்டி சார்." பிரெஞ்சு நிர்வாகம் இங்க முடிஞ்சது 1954 நவம்பர் 1. நம்ம தெருவுல பாக்கற எல்.ஐ. 150 மாடல் இத்தாலியிலயே வெளிவந்தது 1958-ல. கணக்கு நீங்களே போட்டுக்கங்க. அந்தக் கதைக்கு எக்ஸ்ட்ரா பத்து பைசா கூட தராதீங்க.

7/ சரி, வண்டி பாக்கப் போறோம். பேஷண்ட் வந்தா முதல்ல ஹிஸ்டரி, அப்புறம்தான் கை வைக்கணும். இங்க ஹிஸ்டரின்னா ஆர்.சி. புக். சைடு கவரைக் கழட்டச் சொல்லி, ஃப்ரேம் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் டார்ச் அடிச்சுப் படிங்க. ஒரு பேப்பரை வெச்சு பென்சில் பிரிண்ட் எடுங்க. ஒரு எழுத்து மாறினாலும் பேச்சு அதோட முடிஞ்சது.

8/ பழைய வண்டியில அடிக்கடி வர்ற சிக்கல்: ஆர்.சி.யில இருக்கறவர் காலமாகியிருப்பார், விக்கறது பேரன். அப்போ வெறும் ஃபார்ம் 29, 30 பத்தாது. முதல்ல ஃபார்ம் 31 போட்டு வாரிசு பேருக்கு மாத்தணும், வாரிசு சான்றிதழ் வேணும். "அப்புறம் மாத்திக்கலாம் தம்பி"ன்னு சொன்னா, மாத்திட்டுக் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு வந்துடுங்க.

9/ விழுப்புரம், கடலூர் வண்டின்னா அது வேற மாநிலம். கண்ணுக்கு எதிர்ல இருந்தாலும் என்.ஓ.சி. வேணும், இங்க வரி கட்டணும். 15 வருஷம் தாண்டின வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கணும். அது எப்போ கடைசியா நடந்துச்சுன்னு தேதியைப் பாருங்க. 1990-களோட நின்னு போயிருந்தா, நீங்க வாங்கறது ஸ்கூட்டர் இல்ல, ஆபீஸ் அலைச்சல்.

10/ "50 வருஷம் ஆச்சு, வின்டேஜ் நம்பர் வாங்கிடலாம்"னு ஒரு யோசனையும் வரும். 2021-ல மத்திய அரசு அதுக்கு விதி கொண்டு வந்தது. 'வி.ஏ.' எழுத்து போட்ட நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனா அந்த நம்பரோட தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். டூட்டிக்குப் போறதுக்குன்னு வாங்கறவங்களுக்கு அது ஆகாது.

11/ இப்ப உடம்பு. பாண்டியில எதிரி உப்புக்காத்து. பீச் பக்கம் நாலு வருஷம் நின்ன வண்டி, உள்ளூர்ல நாப்பது வருஷம் ஓடின வண்டியை விட மோசமா இருக்கும். பாக்கெட்ல ஒரு சின்ன காந்தம் எடுத்துட்டுப் போங்க. முன் ஷீல்டு, சைடு கவர், ஃபுட்போர்டு எல்லாம் தகரம், அங்க ஒட்டணும். ஒட்டலன்னா உள்ள இருக்கறது பட்டி. ஹேண்டில் அலுமினியம், அங்க ஒட்டாது, பயப்படாதீங்க.

12/ பளபளன்னு ரெண்டு கலர் பெயிண்ட், புது சீட், புது குரோம் போட்டு "ஃபுல்லா ரெஸ்டோர் பண்ணது"ன்னு வர்றதைத்தான் நான் ரொம்ப சந்தேகப்படுவேன். இங்கேர்ந்து அப்படி மேக்கப் போட்டு அனுப்பின வண்டிகளால இங்கிலாந்து ஸ்கூட்டர் பிரியர்கள் கிட்ட நமக்கு நல்ல பேர் இல்ல. மங்கிப் போன பழைய பெயிண்ட்டோட ஓடற வண்டி மேல். அதுல நோய் வெளிய தெரியும்.

13/ இன்ஜின். போனதும் கை வெச்சுப் பாருங்க. சூடா இருந்தா உங்களுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி ரெடியா வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லுங்க. ஆறிக் கிடக்கற வண்டி நாலஞ்சு கிக்ல எழுந்திரிக்கணும். ஆரம்பத்துல நீலப் புகை வந்தா கவலை இல்ல, டூ-ஸ்ட்ரோக் அப்படித்தான்.

14/ ரெண்டு அறிகுறி மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. ஒண்ணு, சூடான பிறகும் புகை மூட்டம் குறையல, கியர் ஆயில் அடிக்கடி குறையுதுன்னா, கிராங்க் ஆயில் சீல் போயிருக்கு, ஆயிலை இன்ஜின் குடிக்குது. ரெண்டு, ஆக்ஸிலரேட்டரை விட்டும் ரேஸ் இறங்கலன்னா, எங்கேயோ காத்து உள்ள இழுக்குது. இது ரெண்டாவது ரொம்ப ஆபத்து.

15/ ஏன் ஆபத்து? காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மின்னா இன்ஜின் கொதிக்கும். டூ-ஸ்ட்ரோக்ல எண்ணெய் பெட்ரோலோடதான் வருது, அதுவும் குறையும். பிஸ்டன் ஜாம் ஆகும், ஓடிக்கிட்டிருக்கும்போதே பின் சக்கரம் பூட்டிக்கும். பழைய ஆளுங்க எப்பவும் ரெண்டு விரலை கிளட்ச் மேல வெச்சே ஓட்டுவாங்க பாருங்க, அது ஸ்டைல் இல்ல, உயிர்ப் பழக்கம்.

16/ இப்ப பங்க்ல கிடைக்கறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது தண்ணியை இழுக்கும், டேங்க் உள்ளே துரு பிடிக்கும், பழைய ரப்பரை அரிக்கும். கலவையும் இன்னும் மெலிசாகும். அதனால ரப்பர் எல்லாம் மாத்தி, கார்புரேட்டர் ஜெட்டை மெக்கானிக் கிட்ட சரி பார்க்காம நெடுந்தூரம் எடுக்காதீங்க. மாசக் கணக்குல நிறுத்தறதா இருந்தா டேங்கைக் காலி பண்ணிடுங்க.

17/ டேங்கைக் காலி பண்றதுன்னதும் டாக்டரா ஒண்ணு சொல்லணும். டியூப் போட்டு வாயால உறிஞ்சாதீங்க. ஒரு மடக்கு தவறி நுரையீரலுக்குப் போனா கெமிக்கல் நிமோனியா. வயித்துக்குப் போச்சுன்னு வாந்தி எடுக்க வெச்சா இன்னும் மோசம், திரும்ப வரும்போது நுரையீரலுக்குப் போகும். கைப் பம்பு வாங்கிக்கங்க, சல்லிசு.

18/ இன்னொண்ணு, பிரேக். பழைய பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்மைக் கழட்டினதும் வாயாலயோ ஏர் அடிச்சோ தூசியை ஊதறது நம்ம ஊர் வழக்கம். அந்தத் தூசி காட்டற வேலை இருபது, முப்பது வருஷம் கழிச்சுத்தான் தெரியும். ஈரத் துணியால துடைக்கச் சொல்லுங்க. உங்களுக்காக மட்டும் இல்ல, அந்தக் கடையில வேலை பாக்கற பையனுக்காகவும். மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜினை ஓட விடாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

19/ ஓட்டிப் பாத்தா தெரியும், பிரேக் இன்னிக்கு வண்டி மாதிரி பிடிக்காது. ரெண்டு பக்கமும் சின்ன டிரம். பத்து இஞ்ச் சக்கரம் பள்ளத்துல இறங்கினா ஹேண்டில் கையை விட்டுப் போகும். ஆறு வோல்ட் லைட்டுக்கு ராத்திரி ஈ.சி.ஆர். ரோடு ஒண்ணும் தெரியாது. நாப்பதுல போற வண்டியை அறுபதுல போற வண்டிங்களுக்கு நடுவுல ஓட்டப் போறோம்னு தெரிஞ்சு வாங்கணும். நல்ல விஷயம்: டயர் சைஸ் சேத்தக் சைஸ்தான், சுலபமா கிடைக்கும்.

20/ "இன்வெஸ்ட்மென்ட் டாக்டர், விலை ஏறிக்கிட்டே போகும்" என்பவர்களுக்கு: ஏறலாம். ஆனா விக்க மனசு வராதவங்கதான் இதை நல்லா வெச்சிருப்பாங்க. விக்கறதுக்குன்னு வாங்கறவங்க பட்டி பாத்து பெயிண்ட் அடிப்பாங்க. லோன் போட்டு வாங்கினா, வட்டி மாசா மாசம் நிச்சயம், லாபம் நிச்சயமில்ல. கேட்கற விலை கைல இருந்தா பத்தாது. கிராங்க், போரிங், சீல், கேபிள், டிங்கரிங்னு அதே அளவு இன்னொரு தொகையும் இருக்கணும்.

21/ ஆக, என் கணக்கு இது. பேப்பர் சுத்தம், ஃப்ரேம் நேர், இன்ஜின் ஓடுது, லாம்ப்ரெட்டா தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் பத்து கிலோமீட்டருக்குள்ள, வீட்டுல தினசரிக்கு வேற வண்டி. அஞ்சும் இருந்தா வாங்குங்க, பேரம் பேசி வாங்குங்க. பேப்பர் இல்லன்னா மத்த நாலும் இருந்தும் வேண்டாம். மெக்கானிக் இல்லன்னா, வீட்டுக்குள்ள ஒரு அழகான இரும்பு இருக்கும், அவ்வளவுதான்.

22/ தினசரி ஓட்டவும் வேணும், இத்தாலி வாசனையும் வேணும்னா 80, 90-கள்ல வந்த எல்.எம்.எல். வெஸ்பா பாருங்க. மவுசு கம்மி, அதனால விலையில ஏமாத்து கம்மி. செயின் கிடையாது, வேலை பாக்கத் தெரிஞ்சவங்க ஜாஸ்தி.

23/ தாத்தா வண்டி வீட்டுலயே நிக்குதுன்னா இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அதை வித்துட்டு இன்னொருத்தர் தாத்தா வண்டியை வாங்காதீங்க. முதல்ல ஆர்.சி.யை உங்க பேருக்கு மாத்துங்க, மத்ததை மெதுவா பாக்கலாம்.

24/ கடைசியா, வின்டேஜ் வண்டிக்கு ஹெல்மெட் போட்டா போட்டோ நல்லா வராதுன்னு சொல்ற பசங்களுக்கு: 1965 மாடல் வண்டிக்கு விதிவிலக்கு எதுவும் சட்டத்துல இல்ல, தார் ரோட்டுக்கும் தெரியாது. பின்னாடி உட்கார்றவங்களுக்கும் சேத்து ரெண்டா வாங்குங்க. வண்டி பாக்கப் போறவங்க ஆர்.சி. விவரத்தை மறைச்சுட்டு போட்டோ போடுங்க, தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். டூட்டி முடிஞ்சுதான் பதில் வரும்.