பெயரை மறந்த பாடகர்

கல்யாணச் சாப்பாடு ருசியாக இருந்தால் பெண் வீட்டாரைப் புகழ்வோம். சமையற்காரரின் பெயரைக் கேட்க மாட்டோம். பாட்டு உலகிலும் இந்த வழக்கம் உண்டு. இங்கிலாந்துப் பாடகர் ராட் ஸ்டூவர்ட்டின் பழைய இசைத்தட்டு ஒன்று இதற்குச் சாட்சி.

ராட் 1945-ல் லண்டனில் பிறந்தவர். தொண்டை கட்டியது போன்ற கரகரத்த குரல். அதுவே அவருக்குச் சொத்தாயிற்று. ஜெப் பெக் குழுவிலும், பிறகு 'பேஸஸ்' குழுவிலும் 'ராக்' பாட்டுப் பாடினார். மின்சாரக் கித்தாரும் டிரம்மும் முழங்க, உரத்துப் பாடுவதே 'ராக்'. குழுவில் இருந்துகொண்டே தம் பெயரில் தனி இசைத்தட்டுகளும் வெளியிட்டார். அவற்றில் மூன்றாவது, 1971-ல் வந்த 'எவ்ரி பிக்சர் டெல்ஸ் எ ஸ்டோரி'. ஒவ்வொரு படமும் ஒரு கதை சொல்லும் என்று பொருள்.

லண்டனில் மார்கன் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டுகள் பதிவாயின. படாடோபம் இல்லாத வேலை. டிரம் வாசிக்க வந்த மிக்கி வாலர், வெண்கலத் தட்டுகளைக் கொண்டுவரவில்லை! அவை இல்லாமலே 'மேகி மே' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். தட்டின் ஓசையைப் பின்னால் சேர்த்தார்கள்.

வயதில் மூத்த பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்துத் தவிக்கும் இளைஞனின் புலம்பல் அந்தப் பாட்டு. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. சிறிய இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்டார்கள். அமெரிக்க வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். 1971 அக்டோபரில் இங்கிலாந்து, அமெரிக்கா இரண்டு நாடுகளிலும் அந்தப் பாட்டும் முழு இசைத்தட்டும் ஒரே சமயத்தில் முதலிடத்தில் நின்றன.

பாட்டு முடியும் இடத்தில் மாண்டலின் ஒலிக்கிறது. சின்ன வாத்தியம், இரண்டிரண்டாக எட்டுக் கம்பிகள். கேட்டவர் மனத்தை விட்டுப் போகாத இடம் அதுதான். வாசித்தவர் 'லிண்டிஸ்பார்ன்' என்ற குழுவைச் சேர்ந்த ரே ஜாக்சன். ஆனால் இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் இல்லை! அந்தக் குழுவின் மாண்டலின்காரர் வாசித்தார், பெயர் ஞாபகம் வரவில்லை என்ற பொருளில் அச்சிட்டிருந்தார்கள்.

வேடிக்கைக்கு எழுதியது என்று சிலர் சொல்லலாம். ஜாக்சன் சொன்ன கணக்குப்படி அவருக்குக் கிடைத்த கூலி 15 பவுண்டு. அதை வாங்கிக்கொண்டு போனவருக்கும் இது வேடிக்கையாக இருந்திருக்குமா? பெயரைக் கேட்டு அச்சிடக் காலணா செலவு உண்டா? அதே ஆண்டு தொலைக்காட்சியில் இந்தப் பாட்டு வந்தபோது, வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல் மாண்டலினைப் பிடித்துக்கொண்டு, வாசிப்பது போல் பாவனை செய்தார். உழைத்தவர் ஒருவர், நாடு பார்த்த முகம் வேறொருவருடையது!

ராட்டுக்கும் நியாயம் செய்ய வேண்டும். பாட்டை உடன் சேர்ந்து எழுதிய கித்தார்காரர் மார்ட்டின் குவிட்டெண்டனின் பெயரை அவர் மறைக்கவில்லை. பாட்டாசிரியர்களில் ஒருவராகவே போட்டார். ஜாக்சன் 2003-ல் தமக்கும் அத்தகைய உரிமை வேண்டும் என்று குரல் எழுப்பினார். வாசித்ததற்குக் கூலி அப்போதே கொடுத்தாயிற்று என்று ராட் தரப்பு மறுத்துவிட்டது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். உறையில் ஒரு பெயரைப் போடச் சட்டம் எதற்கு?

1975-ல் ராட் அமெரிக்காவில் குடியேறினார். ஜனரஞ்சகமான 'பாப்' பாட்டுகளுக்கு மாறினார். 1978-ல் அவருடைய நடனப் பாட்டு ஒன்று உலகெங்கும் ஓடியது. பிரேசில் நாட்டு ஜோர்ஜ் பென் எழுதிய 'தாஜ்மகால்' பாட்டின் மெட்டு அதில் இருப்பதாகப் புகார் கிளம்பியது. அந்த நடனப் பாட்டின் உரிமைப் பணத்தை 1979-ல் ஐ.நா. குழந்தைகள் நிதிக்கு ராட் எழுதிக் கொடுத்தார். 2012-ல் வெளிவந்த சுயசரிதையில், பிரேசிலில் கேட்ட அந்த மெட்டு தம்மை அறியாமலே தம் மனத்தில் தங்கிவிட்டது என்று ஒப்புக்கொண்டார்.