மலிவு மனையின் முழு விலை: புறநகர் வீடு குறித்து எங்கள் கூட்டமைப்பின் நிலைப்பாடு

சென்னையின் புறநகரில் வீடு வாங்கிக் குடியேறியவர்களும், வாங்குவதற்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்களும் உறுப்பினர்களாக உள்ள குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டமைப்பு நாங்கள். முடிச்சூர், வரதராஜபுரம், கூடுவாஞ்சேரி, ஆவடி, திருநின்றவூர் என்று நகரம் விரியும் எல்லாத் திசையிலும் சாதாரணச் சம்பளக்காரர் சொந்த வீடு வாங்க வழி இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. நகரத்துக்குள் ஒரு கிரவுண்டு நிலம் அவருக்கு எட்டாமல் போய்ப் பல காலம் ஆகிறது. ஆனால் இன்று 'தாங்கக்கூடிய விலை' என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் பாதி விலைதான். மீதியை வாங்குபவர் குடியேறிய பிறகு தவணை தவணையாகக் கட்டுகிறார். எனவே மழைநீர் வடிகால், குடிநீர், கழிவுநீர், பேருந்து ஆகிய நான்குக்கும் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் தராமல் எந்த மனைப்பிரிவுக்கும் அனுமதி வழங்கக் கூடாது என்பதே எங்கள் நிலைப்பாடு. அதற்கான காரணங்களை இங்கே வைக்கிறோம்.

அரசு எதை மலிவு வீடு என்று கணக்கிடுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ஜிஎஸ்டி விதிப்படி, விலை 45 லட்சம் ரூபாய்க்குள்ளும் கார்பெட் பரப்பு பெருநகரங்களில் 60 சதுர மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 90 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு 1 சதவீத வரி. 2024-ல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் பதிப்பு, 35 லட்சத்துக்கு உட்பட்ட வீட்டுக்கு வட்டி மானியம் தருகிறது. இரண்டும் பயனுள்ள சலுகைகள், அவற்றை வரவேற்கிறோம். ஆனால் இரண்டுமே விலையையும் சதுர மீட்டரையும் பார்க்கின்றன. அந்த வீடு எங்கே இருக்கிறது, மழையில் அதன் வாசலில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், குழாயில் என்ன வருகிறது என்று கேட்பதில்லை. 35 லட்சம் ரூபாய் வீட்டையே எடுத்துக்கொள்வோம். வங்கி 30 லட்சம் கடன் தந்தால் கைப்பணம் 5 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று பத்திரச் செலவு 3,15,000 ரூபாய். இதற்குப் பெரும்பாலும் கடன் கிடைக்காது, சேமிப்பிலிருந்தோ நகையிலிருந்தோதான் வர வேண்டும். எட்டே கால் வட்டியோ எட்டரை வட்டியோ, 20 வருடத்துக்கு மாதத் தவணை 26,000 ரூபாயைச் சுற்றி வந்து நிற்கும். ஒரு குடும்பம் தன் பட்ஜெட்டைக் கடைசி ரூபாய் வரை நீட்டித்தான் இந்தத் தவணைக்கு வருகிறது. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு செலவும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திலிருந்தோ மருந்துச் செலவிலிருந்தோ பிடுங்கப்படுவதுதான்.

அந்த மேல்செலவு என்ன என்பதைப் புறநகரில் வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் செய்பவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. குழாய்த் தண்ணீர் வராத இடத்தில் முதல் செலவு போர். அதில் உப்புத் தண்ணீர் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன், கோடையில் போர் வற்றினால் லாரி. பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் செப்டிக் டேங்க். அது நிறையும்போதெல்லாம் கழிவுநீர் லாரிக்குப் பணம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிட்டால், லாரி எடுத்துப் போன மறு வாரமே தொட்டி மறுபடி நிறைந்து நிற்கும். பிறகு மேடு. முதலில் வீடு கட்டியவர் சாலையை விட இரண்டடி உயர்த்திக் கட்டியிருப்பார். சாலையைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் தார் போடப் போட, அந்த இரண்டடி கரைந்துவிடும். பக்கத்து மனைக்காரர் பின்னால் வந்து நாலடி மண் கொட்டிக் கட்டுவார். இப்போது தெருத் தண்ணீரும் பக்கத்து மனைத் தண்ணீரும் சேர்ந்து பழைய வீட்டின் கூடத்துக்குள் வரும். கடன் முடியாத வீட்டுக்குக் கீழே வரிசையாக ஜாக்கிகளை வைத்து, சுவரோடு கூரையோடு அங்குலம் அங்குலமாகத் தூக்கி, அடியில் செங்கல் வைத்துப் பூசுகிற வேலை இன்று சென்னைப் புறநகரில் ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. வடிகாலுக்குப் பொதுவில் ஒரு முறை செய்திருக்க வேண்டிய செலவை, தெருவில் உள்ள ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் செய்கிறது. அடுத்த முறை சாலை உயரும்போது மறுபடியும் செய்யும்.

வெள்ளத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் சேர்ந்துதான் அடையாறு உருவாகிறது. அந்த நீர் முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத்தான் வருகிறது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தபோது இப்பகுதித் தெருக்களில் படகு ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே ஊர்கள் மூழ்கின. இரண்டு வெள்ளத்துக்கும் நடுவில் எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டிலும் அங்கே மனைகள் விற்றுக்கொண்டுதான் இருந்தன. தாழ்வான நிலத்தில் மனைப்பிரிவு கேட்டால் நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படுகிறது. பல நேரம் அது, இவ்வளவு உயரம் மண் நிரப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு வருகிறது. அந்த மனைப்பிரிவு அதனால் தப்பிக்கும். ஆனால் அங்கே நின்ற தண்ணீர் எங்கே போகும் என்பதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை. பெரும்பாலும் அது, இன்னும் குறைந்த விலைக்கு வாங்கிய அடுத்த தெருக்காரர் வீட்டுக்குத்தான் போகிறது.

எங்கள் நிலைப்பாட்டுக்கு முதலில் வரும் ஆட்சேபணை எங்களுக்குத் தெரியும். வசதிகளைச் செய்த பிறகே விற்க வேண்டும் என்றால் விலை ஏறும், ஏழை எளியவர்கள் இன்னும் தொலைவுக்குத் தள்ளப்படுவார்கள், அனுமதி இல்லாத மனைகள் பெருகும் என்கிறார்கள். இது நியாயமான கவலை, அலட்சியமாக ஒதுக்க மாட்டோம். ஆனால் இதே சென்னை இதற்கு ஒரு முறை விடை கண்டிருக்கிறது. 1970-களின் கடைசியில் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களிலும், பிறகு முகப்பேர், மதுரவாயல் போன்ற இடங்களிலும் மனையும் அடிப்படை வசதியும் சேர்ந்தே தரப்பட்டன. முதலில் சாலை, தண்ணீர், கழிவுநீர் இணைப்பு. பிறகு சிறிய மனை. வீட்டை அவரவர் கையில் காசு சேரச் சேர, அறை அறையாகக் கட்டிக்கொண்டார்கள். பெரிய மனைகளையும் கடைகளுக்கான மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, அந்த வரவைக் கொண்டு சிறிய மனைகளின் விலையைத் தாழ்த்தினார்கள். அன்று அவை ஊருக்கு வெளியே கிடந்த பொட்டல்கள். முதல் ஆண்டுகளில் ஆள் வரவில்லை என்று அத்திட்டத்தைத் தோல்விக் கணக்கில் எழுதியவர்களும் உண்டு. பல ஆண்டுகளுக்குப் பிறகு சென்னையிலும் மும்பையிலும் அந்தப் பகுதிகளைத் திரும்பச் சென்று பார்த்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, அவை வெவ்வேறு வருமானக்காரர்கள் கலந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக வளர்ந்திருப்பதைக் காட்டியது. விலை குறைவாகவும் இருக்கலாம், வசதி முன்னதாகவும் வரலாம் என்பதற்கு முகப்பேரை விடப் பெரிய சாட்சி எங்களுக்குத் தேவையில்லை. செலவை யார் மீது வைப்பது என்று அன்று அரசு முடிவெடுத்தது. இன்று அந்த முடிவு எடுக்கப்படாமலே விடப்பட்டு, கேட்பதற்கு ஆள் இல்லாத கடைசி வாங்குபவர் தலையில் விழுகிறது.

ஏரிப் படுகையில் போய் ஏன் வாங்கினாய் என்று வெள்ளம் வந்தபோதெல்லாம் தொலைக்காட்சி விவாதங்களில் கேட்கப்படும் கேள்வி அடுத்தது. இதைக் கேட்பவர்கள் ஒரு மனை வாங்குபவர் கையில் என்னென்ன இருக்கும் என்று யோசிக்க வேண்டும். சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அனுமதி எண் இருக்கும். பட்டா இருக்கும். வில்லங்கச் சான்று இருக்கும். சார்பதிவாளர் பதிவு செய்துகொள்வார். வங்கியின் வழக்கறிஞர் தாய்ப்பத்திரங்களைப் படித்துச் சட்டக் கருத்து எழுதுவார், வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துப் போவார். இவ்வளவு படித்தவர்களும் அதிகாரிகளும் சரி என்று கையெழுத்துப் போட்ட நிலத்தில், வெயில் காலத்தில் கொடி கட்டிக் காட்டப்பட்ட ஒரு மேட்டைப் பார்த்து, இங்கே மழையில் இடுப்பளவு நிற்கும் என்று ஒரு கடை ஊழியரோ பேருந்து நடத்துநரோ எப்படிக் கண்டுபிடிப்பார்? அந்தத் தகவல் அரசிடம் இருக்கிறது. அனுமதி வரைபடத்தில் மட்டும் அது இல்லை. 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 11-வது பிரிவு, திட்டம் எந்தெந்தக் கட்டத்தில் எப்போது முடியும் என்ற கால அட்டவணையை, குடிநீர், சுகாதாரம், மின்சாரம் ஆகியவற்றுக்கான ஏற்பாடு உட்பட, வாங்குபவருக்குத் தரும்படி விற்பவருக்குக் கடமை வைக்கிறது. சட்டம் எழுதப்பட்டுவிட்டது; முன்பதிவு நேரத்தில் இந்த அட்டவணையைக் கேட்டு வாங்குபவர்கள்தான் அரிது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம் அச்சட்டத்தின் பதிவுக்குள் வராது என்பது இன்னொரு ஓட்டை. சின்னச் சின்னத் துண்டுகளாக விற்கப்படும் மனைகளை வாங்குவோர் பெரும்பாலும் குறைந்த வருமானக்காரர்கள்தான்.

அனுமதித் தாள் மட்டும் போதாது என்பதையே அனுமதியற்ற மனைகளைப் பற்றிய அனுபவமும் சொல்கிறது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளைக் கட்டணம் வாங்கி ஏற்றுக்கொண்டது. சிக்கிக்கொண்ட ஏராளமான குடும்பங்களுக்கு அது உண்மையான நிம்மதி. ஆனால் அதன் பிறகும் வடிகால் தானாக வந்துவிடவில்லை.

உள்ளாட்சிகளிடம் பணம் இல்லை என்பது மூன்றாவது வாதம். மனைப்பிரிவு அனுமதியின்போது சாலைகளும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்படுகின்றன. அந்தச் சாலையை ஏற்கும் உள்ளாட்சி பல இடங்களில் சில ஊழியர்களை மட்டுமே கொண்ட ஒரு கிராம ஊராட்சி. அதனிடம் மாநகரத்துக்கு உரிய வடிகாலைக் கேட்பது அநியாயம்தான், ஒப்புக்கொள்கிறோம். அதே சமயம், வளர்ச்சிக் கட்டணம், உட்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம் என்று அனுமதியின்போதே பணம் வசூலாகிறது. அது கடைசியில் சதுர அடி விலைக்குள் ஏற்றப்பட்டு வாங்குபவரிடம்தான் வந்து சேர்கிறது. தாம்பரத்தைச் சுற்றி வசூலான கட்டணத்தில் தாம்பரத்தைச் சுற்றி என்ன வேலை நடந்தது என்று ஒரு சாதாரணக் குடிமகன் ஒரே பக்கத்தில் பார்க்கும்படி அந்தக் கணக்கு வெளியிடப்பட வேண்டும். ஏற்கெனவே கொடுத்த பணம் எந்தத் தெருவுக்கு வந்தது என்று தெரியாமல், புதிதாகக் கொடுக்கச் சொன்னால் மக்கள் மறுப்பது இயல்பு.

போக்குவரத்தையும் இதே தராசில் வைக்கிறோம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது, பக்கத்திலேயே ரயில் பாதை ஓடியும் அங்கே ரயில் நிலையம் இல்லை. பெரும்பாக்கத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடிகளுக்கு நகரத்தின் நடுவிலிருந்து கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டவர்களில், வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் பெண்கள் பழைய வேலைக்குப் போய்வரவே நாளில் பல மணி நேரத்தை இழந்தார்கள். வீடு கிடைத்தது, பிழைப்பு தூரமாகிவிட்டது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. புறநகர்க் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய மாதச் சேமிப்பு வேறில்லை. ஆனால் பேருந்தே வராத லேஅவுட்டில் வாழும் பெண்ணுக்கு அந்தத் திட்டம் ஒரு ரூபாயும் மிச்சப்படுத்தாது. அவர் ஷேர் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்துத்தான் ஸ்டேஷனுக்கு வருகிறார். இருட்டிய பின் அந்த ஷேர் ஆட்டோவும் இல்லை.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. 2026-க்குப் பிறகான இருபது ஆண்டுகளுக்குரிய மூன்றாவது முழுமைத் திட்டம் இந்தப் பெரும் பரப்பின் தலையெழுத்தை எழுதப் போகிறது. அடுத்த முடிச்சூர்கள் அதில்தான் இருக்கின்றன. அந்தத் திட்டத்தில் எங்கள் கோரிக்கை இடம்பெற வேண்டும். ஒவ்வொரு மனைப்பிரிவு அனுமதி ஆணையிலும் 2015, 2023 வெள்ளங்களில் அந்த இடத்தில் நின்ற நீரின் உயரம் அச்சிடப்பட வேண்டும். மண் நிரப்ப அனுமதிக்கும் முன் அந்த நீர் போகும் வழி வரைபடத்தில் காட்டப்பட வேண்டும். குடிநீருக்கும் கழிவுநீருக்கும் பேருந்துக்கும் பொறுப்பான துறையின் பெயரும் தேதியும் அதே ஆணையில் இருக்க வேண்டும். ஒரு பகுதியில் வசூலான கட்டணம் அந்தப் பகுதியிலேயே செலவாக வேண்டும். வீட்டு வசதி வாரியமும் அரும்பாக்கத்திலும் முகப்பேரிலும் செய்ததைப் புதிய எல்லைக்குள் மீண்டும் செய்ய வேண்டும்.

மனை பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை வேனில் அழைத்துப் போகும்போது மட்டும் பார்க்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முறை நீங்களாகவே போய்ப் பாருங்கள், பக்கத்துத் தெருவில் பத்து வருடமாகக் குடியிருப்பவரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 11-வது பிரிவைச் சொல்லி, குடிநீருக்கும் வடிகாலுக்குமான அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். அது கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.