உப்பூரில் மீண்ட உற்சாகம்

தட்சன் செய்த யாகத்திற்குப் போன தோஷத்தினால் சூரிய பகவான் தம் ஒளியை இழந்தார் என்றும், இராமநாதபுரம் ஜில்லாவில் கடலோரத்திலுள்ள உப்பூருக்கு வந்து பிள்ளையாரைத் தொழுது அதைத் திரும்பப் பெற்றார் என்றும் ஸ்தல புராணம் கூறுகிறது. அதனாலேயே அங்குள்ள பிள்ளையாருக்கு வெயிலுகந்த விநாயகர் என்று திருநாமம். இலங்கைக்குப் புறப்பட்ட இராமபிரானும் இங்கே வணங்கிவிட்டுத்தான் தேவிபட்டினத்திற்குச் சென்று நவக்கிரகங்களைப் பிரதிஷ்டை செய்தார் என்பது ஐதிகம். தொண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே இராமேசுவரம் போகிற யாத்திரிகர்களில் பலர் இன்றும் இங்கே வண்டியை நிறுத்தி, ஒரு தேங்காயை உடைத்துவிட்டே மேலே செல்கிறார்கள்.

சூரியனுக்கே ஒளி மங்குமானால், நம்மைப் போன்றவர்களுக்கு ஓர் உற்சாகம் மங்குவதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது? சென்ற கோடை விடுமுறையில் அவ்வூரில் நம் அத்தை வீட்டில் மூன்று நாள் தங்கியிருந்தோம். பல வருஷங்களுக்கு முன் நாம் தொலைத்திருந்த ஓர் உற்சாகம் அங்கே நமக்குத் திரும்பக் கிடைத்தது. அது இன்னதென்று சொன்னால் நேயர்களில் சிலர் நகைக்கக்கூடும். சிலர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடவும் கூடும். ஆயினும் சொல்லிவிடுகிறோம். விடியோ விளையாட்டில் இருந்த உற்சாகந்தான் அது!

இதே விளையாட்டைக் கண்டித்து இந்தப் பத்தியில் நாம் எழுதியது ஒன்றிரண்டு முறையல்ல என்பது நெடுநாளைய வாசகர்களுக்குத் தெரியும். வீட்டிலும் அதே பிரசங்கந்தான். அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவன் நம் பதினான்கு வயதுப் புதல்வன். உப்பூருக்குப் போகும் வழியில், தொண்டியைத் தாண்டியதும், அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"அப்பா! சின்ன வயசில் நீங்கள் ராத்திரி பகல் பாராமல் விளையாடுவீர்கள் என்று பாட்டி சொல்கிறார்களே? அப்புறம் ஏன் விட்டுவிட்டீர்கள்?"

"வயது வந்தது, புத்தியும் வந்தது" என்றோம்.

அது பொய் என்று நமக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்துவிட்டது. சரியான பதில் சொல்லாத தகப்பனாரிடம் பிள்ளைகள் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. சில மாதங்களாகவே நமக்கும் அவனுக்கும் பேச்சு வார்த்தை குறைந்துகொண்டு வந்தது. அன்று வண்டியில் அது அறவே நின்றுபோயிற்று.

நிற்க. உண்மையைச் சொல்லிவிடுவோம்.

1990-களில் நம் வீட்டில் டெலிவிஷன் பெட்டியோடு இணைத்து ஆடும் யந்திரம் ஒன்று இருந்தது. ஜப்பானில் 1983-ஆம் ஆண்டில் நிண்டெண்டோ கம்பெனியார் வெளியிட்ட 'ஃபாமிகாம்' என்னும் யந்திரத்தைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல்களில் அதுவும் ஒன்று. காஸெட்டைச் செருகினால் சில சமயம் படம் வராது. உடனே அதைப் பிடுங்கி, வாயால் 'ப்பூ' என்று ஊதி, மறுபடியும் செருக வேண்டும். இந்த வைத்தியத்தை நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது தெரியாது. தெருவிலிருந்த அத்தனை பையன்களும் அதில் நிபுணர்கள். மீசைக்கார மாரியோ குதிக்கும்போது நாமும் உட்கார்ந்த இடத்திலிருந்து குதித்தோம். 'கான்ட்ரா'வில் இருவர் சேர்ந்து சண்டையிட வேண்டியிருந்ததால், எதிர்வீட்டுப் பையனோடு இருந்த தீராப் பகை ஒரே மாலையில் தீர்ந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வரும் நேரத்தில் நம்மைப் பெட்டியின் முன்னிருந்து கிளப்புவதற்கு வீட்டில் ஒரு யுத்தமே நடக்கும்.

மாரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ என்பவர், கியோட்டோவுக்கு அருகில் தாம் சிறுவனாகக் காடு மேடெல்லாம் திரிந்ததையும், விளக்கை ஏந்திக்கொண்டு ஒரு குகைக்குள் நுழைந்து பார்த்ததையும் பற்றிச் சொல்லியிருக்கிறார். 1986-இல் வெளியான 'ஸெல்டா' என்ற விளையாட்டுக்கு அந்த அனுபவமே வித்து என்கிறார். குகைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசைதான் அந்நாளில் நமக்கும் இருந்தது. அதற்கு யாரும் நமக்குக் கூலி கொடுக்கவில்லை.

பிறகு உத்தியோகம் வந்தது, ஸெல்போன் வந்தது, அதற்குள்ளே விளையாட்டும் வந்தது. இதுவோ புது மாதிரியான விளையாட்டு. தினந்தோறும் தவறாமல் வந்தால் ஒரு பொற்காசு. ஏழு நாள் தொடர்ந்து வந்தால் ஒரு புதையல் பெட்டி. ஒரு நாள் வராவிட்டால் தொடர் அறுந்துவிடும். ஆபீஸில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதுபோல, இரவு பதினொன்றரை மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு அதைத் திறந்து, பொற்காசை வாங்கிக்கொண்டு மூடுவோம். இப்படி ஒன்றரை வருஷம் நடந்தது. ஒரு நாள் மறந்துபோனோம், தொடர் அறுந்தது. துக்கமே உண்டாகவில்லை! பெரிய நிம்மதி. அன்றோடு விட்டுவிட்டோம். விட்ட பிறகு, போன உற்சாகத்திற்குப் 'புத்தி' என்று பெயர் வைத்து, ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யத் தொடங்கினோம்.

நமக்கு நேர்ந்தது இன்னதென்பதை விளக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த மார்க் லெப்பர் முதலியோர் அதை 1973-இல் வெளியிட்டார்கள். படம் வரைவதில் பிரியமுள்ள சிறு குழந்தைகளில் சிலரிடம், "வரைந்தால் பரிசு உண்டு" என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்து, பரிசும் கொடுத்தார்கள். மற்றவர்களிடம் அப்படிச் சொல்லவில்லை. சில நாட்களுக்குப் பின், பரிசுப் பேச்சே இல்லாத சமயத்தில் எல்லாக் குழந்தைகளையும் கவனித்தார்கள். கூலி பேசி வரைந்த குழந்தைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதியளவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளுக்கோ ஆசை குறையவில்லை. பரிசில் தோஷமில்லை, பேரம் பேசியதில்தான் தோஷம்.

தனி மனிதருக்கு மட்டுமா? ஒரு தேசத்துக்கே இந்த உற்சாகம் போய்த் திரும்பியிருக்கிறது. 1982-இல் அமெரிக்காவில் 'இ.டி.' என்ற சினிமாவின் பெயரில், கிறிஸ்துமஸ் வியாபாரத்தைப் பிடிக்கவேண்டி, ஐந்தே வாரங்களில் ஒரு விளையாட்டை அவசரமாகத் தயாரித்தார்கள். அதைப்போல அள்ளித் தெளித்த கோலங்கள் இன்னும் எத்தனையோ. ஜனங்கள் வெறுத்துப்போனார்கள். 1983-இல் சுமார் 320 கோடி டாலராக இருந்த வியாபாரம், இரண்டே வருஷத்தில் 10 கோடிக்கு இறங்கியதாகக் கணக்கிடுகிறார்கள். விற்காத காஸெட்டுகளை நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் புதைத்தார்கள்; 2014-இல் அவற்றைத் தோண்டியும் எடுத்தார்கள். "விடியோ விளையாட்டின் கதை முடிந்தது" என்று கடைக்காரர்களே கைவிட்டிருந்த சமயத்தில், 1985-இல் நிண்டெண்டோ அங்கே போய்க் கடை விரித்தது. குகைக்குள் நுழையும் ஆசை ஜனங்களிடம் அப்படியே இருந்ததென்பது அப்போது தெரிந்தது.

இனி உப்பூருக்கு வருவோம்.

அத்தைக்கு எழுபத்தைந்து வயது. மாமா காலமான பிறகு தனியாக இருக்கிறார். ஒரு காலத்தில் அவர் கைச் சமையலுக்காகவே உறவினர்கள் ஊருக்கு வருவதுண்டு. இப்போதோ, "ஒருத்திக்கு எதுக்குப்பா இட்டிலியும் புட்டும்?" என்று கஞ்சியோடு நிறுத்திக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் பிற்பகல், திண்ணையில் புதல்வன் மடிக்கணினியும் கையுமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த அத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னடா பேராண்டி அது? இட்டிலிச் சட்டி மாதிரி இருக்கு?"

இட்டிலிச் சட்டியேதான்! கனடாவில் டொரான்டோ நகரத்திலுள்ள 'விசை' என்ற சிறு நிறுவனத்தார் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா' என்னும் விளையாட்டு அது. 1980-களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா என்ற பெண், அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகிய மூவரின் கதை. தாயார் எழுதிக் கொடுத்த சமையல் புஸ்தகம் கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன செய்முறையை ஊகித்துச் சமைப்பதே ஆட்டம். லண்டனில் 2024-இல் பாஃப்டா சங்கத்தார் இதைச் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

"குழி மேலே குழியை வச்சா ஆவி எப்படிடா ஏறும்? தட்டைத் திருப்பி வை!" என்று அத்தை அதட்டினார். புதல்வன் திருப்பி வைத்தான். இட்டிலி வெந்தது. அவன் அத்தையை ஒரு மந்திரவாதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

அடுத்தது புட்டு. சத்தத்தைக் கேட்டு உள்ளேயிருந்து வந்த நம் கையில் அவன் ஆட்டத்தைக் கொடுத்தான். "நீங்கள் செய்யுங்கள் அப்பா" என்றான். நாம் குழலின் அடியில் ஓட்டைத் தட்டைப் போடாமலேயே மாவைக் கொட்டினோம். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "தின்னத் தெரியுது, செய்யத் தெரியலையே!" என்றார். புதல்வன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் நம் எதிரில் அப்படிச் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. தோற்றதற்கு அபராதம் ஒன்றும் இல்லை. ஜெயித்தால் பொற்காசும் இல்லை. மறுபடியும் செய்து பார்க்கலாம், அவ்வளவுதான். நாமும் செய்து பார்த்தோம்.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடிய சிறு விளையாட்டு அது. அத்தை ஒவ்வொரு பண்டத்துக்கும் தம் பக்குவத்தையும் சொல்லி, கனடாக்காரர்களின் பக்குவத்தில் குற்றமும் கண்டுபிடித்ததால், நமக்கு இருட்டும்வரை ஆயிற்று. கடைசியில், வளர்ந்து ஆளாகித் தமிழை ஏறக்குறைய மறந்துவிட்ட கவின், தாயாரின் புஸ்தகத்தைத் தட்டுத் தடுமாறிப் படித்துச் சமைக்க முயல்கிறான். அந்த இடத்தில் திண்ணையில் யாரும் பேசவில்லை. கடற்காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது.

அன்றிரவு புதல்வனிடம், அவன் வண்டியில் கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னோம். பொற்காசு, பெட்டி, பதினொன்றரை மணி எல்லாவற்றையும் சொன்னோம். அவன் சற்று யோசித்துவிட்டு, "எனக்கும் சில ஆட்டங்களில் அப்படித்தான் அப்பா இருக்கிறது. பிடிக்கவில்லை; ஆனால் நிறுத்தப் பயமாயிருக்கிறது" என்றான். ஆறு மாதப் பிரசங்கத்தில் நாம் அறிந்துகொள்ள முடியாததை ஒரு பிற்பகல் ஆட்டத்தில் அறிந்துகொண்டோம்.

இதைப் படித்துவிட்டு, பையன்கள் கையில் ஸெல்போனைக் கொடுத்துக் கதவைச் சாத்திவிடலாம் என்று யாரும் கருதவேண்டாம். விளையாட்டு வினையாவதும் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2019-இல் ஏற்றுக்கொண்டு 2022 முதல் வழங்கும் நோய்ப் பட்டியலில், அடக்க முடியாத விளையாட்டு வெறியும் ஒரு கோளாறாக இடம் பெற்றிருக்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் எத்தனையோ குடும்பங்களை அழித்த பிறகு, தமிழ்நாட்டில் 2022-இல் அவற்றைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் இந்திய சர்க்காரும் அவற்றைத் தடை செய்து சட்டம் இயற்றினார்கள். அவை விளையாட்டு வேஷம் போட்டுக்கொண்ட சூது. நாம் பேசுவது வேறு. குழந்தை ஆடுவது குகைக்குள் நுழையும் ஆட்டமா, பதிவேட்டில் கையெழுத்திடும் ஆட்டமா என்பதைத் தெரிந்துகொள்ளப் பெற்றோர்களுக்கு ஒரே வழிதான் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து தாமும் ஆடித் தோற்றுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். நம் தாயக்கட்டத்தின் வடநாட்டுச் சகோதரமான பச்சிஸி, சீமைக்குப் போய் 1896-இல் 'லூடோ' என்று பெயர் சூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. அந்த லூடோவையே மும்பாய்ப் பக்கத்து நிறுவனம் ஒன்று 2016-இல் ஸெல்போனுக்குள் புகுத்த, 2020-இல் ஊரடங்கின்போது தேசம் முழுவதும் அதை ஆடியது. 'ராஜி' என்ற புராணக் கதை விளையாட்டும் அதே 2020-இல் புனாவிலிருந்து வெளிவந்தது. இட்டிலிச் சட்டிக்கு கனடாவிலிருந்து கௌரவம் வந்திருக்கிறது. பாம்பன் பாலமும், 1964-ஆம் வருஷத்துப் புயலில் அழிந்த தனுஷ்கோடியும் இருக்கும் இந்தக் கரையில் கதைக்கா பஞ்சம்? நம் பிள்ளைகள் ஆடுவதோடு நில்லாமல், ஆக்கவும் கற்க வேண்டும் என்பது நம் ஆசை.

மறுநாள் விடியற்காலையில் அடுப்பங்கரையிலிருந்து ஆவி வாசனை வந்தது. எழுந்து போய்ப் பார்த்தால், பரணிலிருந்து இறக்கிய புட்டுக் குழலை அத்தை அடுப்பில் ஏற்றியிருந்தார். புதல்வன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மூவருமாக வெயிலுகந்தாரைத் தரிசிக்கப் போனோம். வெயில் நன்றாக ஏறியிருந்தது.

ஊர் திரும்பிய பிறகு சனிக்கிழமைதோறும் நாமும் புதல்வனும் ஒரு மணி நேரம் ஆடுகிறோம். பெரும்பாலும் நாமே தோற்கிறோம். சென்ற வாரம் அத்தை டெலிபோனில் கூப்பிட்டார். எல்லோருடைய க்ஷேமத்தையும் விசாரித்துவிட்டு, கடைசியில் கேட்டார்:

"அந்தக் கனடாப் பொண்ணு வெண்பா சௌக்கியமா இருக்காளா? அடுத்த லீவுக்கு அவளையும் கூட்டிக்கிட்டு வாங்க. புட்டுக்கு மாவு இன்னும் கொஞ்சம் ஈரமா பிசையணும்னு அவகிட்டச் சொல்லணும்!"