சுண்டெலி அம்மை கேட்கும் கேள்வி

1930ஆம் ஆண்டில், லண்டன் மாநகரின் ஹாம்ஸ்டெட் பகுதியிலிருந்த ஆராய்ச்சி நிலையமொன்றில் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளிடையே பரவிப் பலவற்றைக் கொன்றும், பிழைத்தவற்றின் பாதங்களையும் வால்களையும் அழுகி விழச் செய்தும் வந்த ஒரு புதிய வியாதியை மார்ஷல் என்னும் ஆராய்ச்சியாளர் விவரித்து எழுதியபோது, அது மனிதரின் பெரியம்மைக்கு நெருங்கிய உறவுடையதென்று எவரும் எண்ணவில்லை. அவ்வுறவு 1940களின் நடுவில் மெல்போர்ன் நகரில் வைரஸ் ஆராய்ச்சியாளர் பர்னெட்டின் ஆய்வால் வெளிப்பட்டது. அவ்வியாதியை அங்கே தொடர்ந்து ஆராய்ந்த பிராங்க் பென்னர், தோல் வழியே நுழையும் வைரஸ் கல்லீரலிலும் மண்ணீரலிலும் மறைவாகப் பெருகிப் பின்னரே உடலெங்கும் கொப்புளமாக வெளிப்படுகிறதென்று காட்டி, அம்மை நோய்களில் காய்ச்சலுக்கு முன்னே கழியும் அமைதியான நாட்களின் ரகசியத்தை விளக்கினார். உலகிலிருந்து பெரியம்மை ஒழிந்ததென்று 1980இல் உலக சுகாதார சபையின் முன் அறிவித்தவரும் அவரே என்பதை நினைக்குங்கால், சிறு பிராணிகளின் நோயை ஆராய்வது வீண் செலவென்று பேசுவோரிடம் எனக்கு வருத்தமே உண்டாகிறது.

இவ்வைரஸின் வீரியம் அதனிடத்தில் மட்டும் குடியிருப்பதன்று. மாஸ்கோ என்னும் பெயர் கொண்ட கொடிய வகையைச் சம அளவில் செலுத்தினாலும், பால்ப்-சி என்னும் வெள்ளெலி வம்சம் சில நாட்களுக்குள் கல்லீரல் அழிந்து மாள, சி-57 என்னும் கறுப்பு வம்சம் பெரும்பாலும் நோயின் அடையாளமே இன்றித் தப்பிவிடுகிறது. தொற்றிய செல்களைத் தொடக்கத்திலேயே கொல்லும் இயற்கைக் கொல்லிச் செல்களும், பிறகு துணைக்கு வரும் டி செல்களும் கறுப்பெலியிடம் விரைந்து செயற்படுவதே காரணம். அந்த ஆற்றலை ஆளும் மரபணுக்களுள் ஒன்று ஆறாவது குரோமோசோமில் இருப்பதும் தெரியவந்துள்ளது. வைரஸோ, சுமார் இரண்டு லட்சம் எழுத்துக்களாலான தன் மரபுச் சாசனத்தில், இண்டர்பெரான் என்னும் அபாய அறிவிப்பை வழியிலேயே பிடித்து வைக்கும் புரதத்துக்கும் இடம் ஒதுக்கியுள்ளது. அந்த ஒரு மரபணுவை நீக்கிவிட்டால் அதன் கொல்லும் சக்தி பெரிதும் குன்றிப்போகிறது. ஆகவே, வைரஸ், பிராணி ஆகிய இரு பரம்பரைகளும் மோதும் இடத்திலேதான் வீரியம் நிர்ணயமாகிறது.

இவ்வுண்மையின் கடுமையை உலகுக்கு உணர்த்தியது 2001இல் வெளியான கான்பெரா ஆராய்ச்சி. கோதுமை வயல்களைப் பாழாக்கும் எலிப் பெருக்கத்தைத் தடுக்கும் நன்னோக்கத்துடன், பெண் எலிகளை மலடாக்கும்படி இதே வைரஸில் கருமுட்டைப் புரதமொன்றின் மரபணுவைச் சேர்த்த ஜாக்சன், ராம்ஷா முதலியோர், எதிர்ப்பொருள் மிகுதியாகச் சுரக்கட்டும் என்று இண்டர்லூகின்-4 என்னும் நோய் எதிர்ப்புச் சைகைப் புரதத்தின் மரபணுவையும் சேர்த்தனர். அது கொல்லிச் செல்களின் பணியையும் டி செல்களின் பணியையும் ஒடுக்கிவிடவே, தப்பிப் பிழைக்க வேண்டிய கறுப்பெலிகள் மாண்டன. முன்னரே தடுப்பேற்றப் பெற்றவற்றுள்ளும் பல மாண்டன.

அதை வெளியிட்டது தவறென்று அப்பொழுது கண்டித்தவர்களோடு நான் உடன்படேன். மறைத்திருந்தால் அபாயம் குறைந்திராது, அதை எதிர்நோக்கும் அறிவே குறைந்திருக்கும். என் ஆட்சேபம் வேறு. இண்டர்லூகின்-4 மரபணுவை மற்றோர் அம்மை வைரஸில் சேர்த்தால் டி செல்களின் செயல் தளருமென்பது 1990களிலேயே அறியப்பட்டிருந்தது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தின் நிபுணர்கள் 2004இல் வெளியிட்ட அறிக்கை, தடுப்பூசியைப் பயனற்றதாக்குவதையும் வீரியத்தை மிகுவிப்பதையும் முன்கூட்டியே பரிசீலிக்க வேண்டிய சோதனைகளாகக் குறித்தது நல்ல தொடக்கமே. ஆயினும், மலடாக்கும் தடுப்பு மருந்தைத் தேடிய கான்பெரா அறிஞர்கள், தாங்கள் அவ்விரண்டில் எதையும் செய்யப்போவதில்லை என்று மனச்சாட்சியோடு கூறியிருப்பார்கள். சோதனைக்கு அனுமதி கோரும் விண்ணப்பத்தில் கேட்க வேண்டிய கேள்வி, சேர்க்கப்படும் மரபணு பிராணியின் எந்த எதிர்ப்பு அரணைத் தளர்த்தும் என்பதே. அதற்கு விடை சொல்லத் தக்க நோய் எதிர்ப்பியல் வல்லுநர் ஒருவரேனும், வைரஸைக் கையாளும் ஒவ்வொரு நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவிலும், சோதனை தொடங்குவதற்கு முன்பே அதனை நிறுத்தும் அதிகாரத்தோடு அமர்ந்திருத்தல் வேண்டும்.