"நானே வீட்ல போட்டது டாக்டர், கெமிக்கலே கிடையாது"

நீண்ட இழை. பொறுமையா படிங்க. நடுவுல திட்டத் தோணுச்சுன்னா, முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

என் பள்ளித் தோழன் ஒருத்தன் இங்கிலாந்துல, லீட்ஸ் நகரத்துல இருக்கான். அவன் அனுமதியோடதான் எழுதுறேன். மூணு வருஷமா வீட்லயே பீர் போடுறான். அங்க அது சட்டப்படி சரி. 1963ல இருந்து சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. போன மாசம் அவனோட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாட்ஸ்அப்ல வந்துச்சு. ஜிஜிடி 140. ஸ்கேன்ல கொழுப்புக் கல்லீரல்.

"எவ்வளவுடா குடிக்கிற?"

பதில்தான் மேல இருக்குற தலைப்பு. கிண்டலுக்கு "டாக்டர்" வேற.

இந்த வசனத்தோடதான் எனக்குச் சண்டை. ஆனா அதுக்கு முன்னாடி என் ஆளுங்களையும் ரெண்டு வார்த்தை சொல்லணும். வீட்டு பீர்னு சொன்ன உடனே "மெத்தனால் வரும், கண்ணு போயிடும்"னு வீடியோ போடுறாங்க சில மருத்துவ நண்பர்கள். தப்பு. பார்லியை ஊறவைத்து முளைகட்டிய மால்ட்டில் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்தால் உருவாவது எத்தனால். மெத்தனால் வருவது முக்கியமாகப் பழங்களில் உள்ள பெக்டினில் இருந்து. மால்ட் பீரில் அது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல செத்தது ஈஸ்ட் செஞ்ச வேலை இல்ல. மனுஷன் மெத்தனாலைக் கலந்து வித்த வேலை.

குழப்பத்துக்கு நம்ம மொழியும் ஒரு காரணம். பீரையும் "காய்ச்சுறது", சாராயத்தையும் "காய்ச்சுறது"ங்கிறோம். பீர்ல ஊறல் மட்டும்தான். சாராயம்னா அந்த ஊறலைக் கொதிக்க வச்சு ஆவியை வடிச்சு எடுக்கணும். ரெண்டும் வேற. பொய் சொல்லி பயமுறுத்தினா என்ன ஆகும்? ஒரு வருஷம் குடிச்சும் கண்ணு நல்லாத் தெரியுதேன்னு நம்ம சொல்ற உண்மையையும் நம்ப மாட்டான்.

சரி, அவன் என்னதான் பண்றான்? கேட்டா சிரிப்பீங்க. ஒரு டப்பா மால்ட் பாகு, ஒரு கிலோ சர்க்கரை, வெந்நீர். மேல பச்சைத் தண்ணி ஊத்தி 23 லிட்டர். ஈஸ்ட்டைத் தூவி, காத்து வெளிய மட்டும் போற மாதிரி ஒரு வால்வு வச்சு வாளியை மூடி, 20 டிகிரி சூட்டுல ஒண்ணு ரெண்டு வாரம். ராத்திரியெல்லாம் "குளுக் குளுக்"னு சத்தம். நம்ம இட்லி மாவு பொங்குதே, அதுக்குச் சொந்தக்காரன்தான் இதுவும். மாவுல பொங்க வைக்கிறது பெரும்பாலும் பாக்டீரியா, இங்க ஈஸ்ட். ரெண்டுலயும் மேல வர்ற வாயு கார்பன் டை ஆக்சைடு.

முக்கால்வாசி வேலை பாத்திரம் கழுவுறது. வாளி, குழாய், கரண்டி, 46 பாட்டில். ஒண்ணு அழுக்கா இருந்தாலும் பீர் புளிச்சுப் போகும். "இருபது வருஷத்துல ஒரு டம்ளர் கழுவினதில்லண்ணா, இப்ப சனிக்கிழமை பூரா கழுவுறார்"னு அவன் மனைவி எங்கிட்ட சொல்லிச் சிரிச்சாங்க.

ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு மாடிப்படிக்குக் கீழ இருந்த அலமாரியில டமார்னு ஒரு சத்தம். புளிச்சு முடியுறதுக்கு முன்னாடியே பாட்டில்ல அடைச்சிருக்கான். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை மிச்சமிருந்தாலே ஏறத்தாழ ஒரு லிட்டர் வாயு வரும். மூடின கண்ணாடி பாட்டில் எவ்வளவுதான் தாங்கும்? அந்த நேரம் யாராவது குனிஞ்சு பார்த்திருந்தா கண்ணு போயிருக்கும். மெத்தனால் இல்லாமலே. இதைத் தடுக்க ஹைட்ரோமீட்டர்னு ஒரு கண்ணாடிக் குழல் போதும். ரெண்டு மூணு நாள் தள்ளித் தள்ளிப் பார்த்தும் அளவு மாறலைன்னா அடைக்கலாம். அவன் ஹைட்ரோமீட்டர் உடைஞ்சு ஆறு மாசம் ஆச்சு, வாங்கல. கையளவுலயே தெரியுமாம்!

இப்ப கணக்குக்கு வர்றேன்.

23 லிட்டர், 5 சதவீதம்னு வச்சுக்குவோம். சுத்த ஆல்கஹால் 1150 மில்லி. அந்த ஊர்க் கணக்குல 10 மில்லி ஒரு யூனிட், ஆக 115 யூனிட். 2016ல இருந்து அங்க ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல்ற மேல்வரம்பு வாரத்துக்கு 14. அதாவது ஒரு வாளி பீரை ஒருத்தர் குடிச்சு முடிக்க எட்டு வாரத்துக்கு மேல ஆகணும். இவன் "வேலை விட்டு வந்து ரெண்டே ரெண்டு பாட்டில்"னு 23 நாள்ல முடிக்கிறான். வாரம் 35 யூனிட். அதுவும் ருசிக்காக இன்னும் அரைக்கிலோ சர்க்கரை சேர்த்திருக்கான். அதுல மட்டும் ஆல்கஹால் ஏறத்தாழ 1.4 சதவீதம் ஏறிடும். இப்ப வாரம் 45 யூனிட். குடிக்கிறவனுக்கே தெரியாது, ஏன்னா பாட்டில்ல லேபிள் இல்ல.

கடையில வாங்கினா பில் வரும், கடை சாத்துவான், வீட்டுக்காரம்மா பை பார்ப்பாங்க. வீட்டு பீருக்கு இந்தத் தடை ஒண்ணுமே இல்ல. போதாததுக்கு அடுத்த வாளி குளுக் குளுக்னு கூப்பிடுது, பாட்டில் காலி பண்ணணும். உழைச்சுப் போட்டதைக் கீழ ஊத்த மனசு வருமா?

"கெமிக்கல் இல்லையே?" எத்தனால் கெமிக்கல் இல்லாம வேற என்னங்க? 1516ல பவேரியாவுல போட்ட பிரபலமான பீர் சட்டத்துல பார்லி, ஹாப்ஸ், தண்ணி மட்டும்தான். ஈஸ்ட் பேரே இல்ல, அப்ப அது என்னன்னு யாருக்கும் தெரியாது. அந்தச் சுத்தமான பீரும் கல்லீரலைக் கெடுக்கத்தான் செய்யும். ஆல்கஹால் பானங்களைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் 1988லேயே சேர்த்துவிட்டார்கள். எத்தனாலைக் கல்லீரல் அசிட்டால்டிஹைடா மாத்தும்போது அது பாக்டரியில வந்ததா, படிக்கட்டுக்குக் கீழ வந்ததான்னு கேக்கிறதில்ல.

"அடியில தங்குற ஈஸ்ட்ல பி வைட்டமின் இருக்கே?" இருக்கு. ஆனா அந்த தயமினை உடம்பு உறிஞ்ச விடாம ஆல்கஹாலே தடுக்கும். கவுட் இருக்கிறவங்களுக்கு அந்த அடி வண்டல் இன்னும் மோசம், பியூரின் நிறைஞ்சது.

நம்ம ஊர் ஆட்களுக்கு ஒண்ணு. தமிழ்நாட்டுல வீட்ல பீர் போடுறது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். "டாக்டரே செய்முறை எழுதியிருக்கார்"னு இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போடாதீங்க. சென்னை வெயில்ல அந்த ஈஸ்ட் பண்ற வேலைக்கு மறுநாள் தலைவலிக்கும் எங்கிட்டதான் வருவீங்க.

தோழன்கிட்ட பேசினேன். கொழுப்புக் கல்லீரல் இருக்கிற வரைக்கும் ஒரு பாட்டில் கூட வேணாம், மூணு மாசம் கழிச்சு ஜிஜிடி பார்ப்போம்னேன். ரொம்ப நேரம் பதில் இல்ல. அப்புறம் ஒரு போட்டோ வந்துச்சு. காலி வாளி, நல்லா கழுவித் துடைச்சு கவுத்து வச்சிருக்கான். கீழ ஒரு வரி: "இதுல இட்லி மாவு கரைக்கலாமான்னு கேக்குறா."