குட்டி யார் வீட்டுக்கு?

தில்லி தெருநாய் வழக்கில், 2025 ஆகஸ்ட் 22 அன்று, விரும்புவோர் நாய்களைத் தத்தெடுக்கலாம் என்ற உச்ச நீதிமன்றம் ஒரு நிபந்தனையும் விதித்தது: எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வரக்கூடாது.

சரியான நிபந்தனை. மீட்கப்பட்ட குட்டியின் விளையாட்டுதான் பார்ப்பவரை மயக்குகிறது; அதே விளையாட்டுதான் பிறகு அதை வெளியேற்றுகிறது. சுமார் நான்கு மாதத்தில் பால் பற்கள் விழத் தொடங்கும். செருப்பு, சோபா எதுவும் தப்பாது. கெட்ட குணமல்ல, வயது அப்படி.

எனவே குட்டியைக் கொடுப்பவர், 'நாய் பிடிக்குமா?' என்று கேட்டால் போதாது. தினமும் இருவேளை வெளியே அழைத்துப் போவது யார்? வெறிநோய்த் தடுப்பூசி, கருத்தடைக்குப் பொறுப்பு யார்? வீட்டுச் சொந்தக்காரர் சம்மதித்தாரா? ஊருக்குப் போனால்?

பதிலில் தடுமாறுபவரிடம் கொடுக்க வேண்டாம். வீட்டுச் சோற்றுக்குப் பழகிய நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது.