வேடம் ஏற்பவர் தம்மை இழப்பதில்லை

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனை மாந்தரை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் ஒரு கதையை மணிக்கணக்கில் நடத்திச் செல்வது வேடமேற்பு மேசை விளையாட்டு எனப்படும். இது மேலைநாட்டிலிருந்து வந்த வீண்வேலை என்றும், இதில் மூழ்கும் பிள்ளைக்குக் கற்பனை எது, நடப்பு எது என்ற தெளிவே போய்விடும் என்றும் தமிழ்ப் பெற்றோர் பலர் உறுதியாக நம்புகின்றனர். படிப்பை மட்டுமே துணையாகக் கொண்டு, மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்களில் இந்த அச்சம் இருப்பது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆயினும் அச்சத்துக்குக் காரணம் உண்டு என்பதால் அது உண்மையாகிவிடாது.

இவ்வச்சம் பிறந்த இடம் அமெரிக்கா. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வெளியானது. 1979இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமல் போனபோது, அவர் இவ்விளையாட்டின் மயக்கத்தில் நிலத்தடிச் சுரங்க வழிகளுக்குள் சென்று தொலைந்தார் என்ற ஊகம் செய்தித்தாள்களில் பரவியது. அவரை வாட்டியது நெடுநாள் மனத்துயரமே என்பது பின்னர் தெரியவந்தது. ஆனால் அதற்குள் அந்த ஊகம் ஒரு நாவலாகி, 1982இல் தொலைக்காட்சிப் படமாகவும் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டே இவ்விளையாட்டை எதிர்ப்பதற்கென்று ஓர் அமைப்பும் தோன்றியது. ஊகம் உலகெங்கும் சென்ற அளவுக்கு அதன் மறுப்பு செல்லவில்லை.

விளையாட்டின் இயக்கத்தை அறிந்தவர் இந்தக் குற்றச்சாட்டை ஏற்பது கடினம். ஒருவர் நடத்துநராக இருந்து, மாந்தர்கள் நிற்கும் இடத்தையும் சூழலையும் விவரிக்கிறார். மற்றவர்கள் தத்தம் மாந்தர் என்ன செய்வார் என்று சொல்கின்றனர். முடிவு ஐயத்துக்குரியதாக இருக்கும்போது இருபது முகப் பகடை உருட்டப்படுகிறது. அடுத்த அறையில் பகைவன் ஒளிந்திருப்பதை ஆட்டக்காரர் வேறு வழியில் அறிந்திருந்தாலும், தம் மாந்தர் அதை அறியார் என்பதை நினைவில் நிறுத்தியே அவர் முடிவெடுக்க வேண்டும். தாம் அறிந்ததையும் தம் மாந்தர் அறிந்ததையும் ஒவ்வொரு கணமும் பிரித்து வைத்துக்கொள்ளும் இந்தப் பயிற்சியைத்தான், பிரித்தறியும் ஆற்றலைக் கெடுக்கும் என்று பழிக்கின்றனர்.

வேடமேற்பு அந்நியமானது என்ற கூற்று இதைவிடப் பெரிய பிழை. தோட்டத் தமிழரின் வரலாற்றையே அது மறந்துவிடுகிறது. ஜே. ஏ. ரஸல் 1929இல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்துக்கு முன்பே, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மலாயாவுக்கும் இலங்கை மலையகத்துக்கும் தோட்டத் தொழிலாளர் சென்றுகொண்டிருந்தனர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அம்மக்கள் காத்துவரும் காமன் கூத்து, மாசி மாதத்தில் கம்பம் ஊன்றித் தொடங்கி, பல இரவுகள் நீள்கிறது. சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை ரதி தடுக்கிறாள். கணவனும் மனைவியும் வாதாடுகின்றனர். அவன் கேளாமல் சென்று நெற்றிக்கண்ணால் எரிகிறான். பகலில் கொழுந்துக் கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் கையாண்டவர்களே இரவில் தேவர்களாகி, லயத்து மக்கள் முன் பேசினர். தஞ்சைப் பகுதி லாவணியிலோ, மன்மதன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறு கட்சியும் வாதிடும். தம் சொந்த நம்பிக்கை எதுவாயினும், பாடுபவர் தாம் ஏற்ற கட்சியின் பக்கம் நின்று, எதிராளியின் கேள்விக்கு அந்த இடத்திலேயே பாட்டால் விடை சொல்ல வேண்டும். முன்கூட்டி எழுதிவைக்காத பேச்சு, ஏற்ற நிலையை விட்டு விலகாத உறுதி, எதிரில் இருப்பவரைக் கேட்டு உடனே மறுமொழி தரும் கூர்மை ஆகிய இவையே மேசை விளையாட்டும் வேண்டுவன.

தோட்ட அதிகாரிகளான துரைக்கும் கிராணிக்கும் கங்காணிக்கும் முன் தோட்டத் தொழிலாளி பேசக்கூடிய சொற்கள் மிகச் சில. அதே மனிதர் வேடம் ஏற்றபோது தெய்வத்தை எதிர்த்து வழக்காட முடிந்தது. வேடம் அவரை நடப்பிலிருந்து விலக்கியது என்பதைவிட, நடப்பு அவருக்கு மறுத்த குரலை வழங்கியது என்பதே பொருத்தம். ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் வாய் திறக்கக் கூசும் மாணவி, ஐந்து பேர் அமர்ந்த மேசையில் ஓர் ஊரின் தலைவியாகத் தூதுவனிடம் பேரம் பேசுவதையும் இந்த வரிசையிலேயே வைத்து எண்ண வேண்டும்.

கூத்தில் சிலர் உரு வந்து ஆடுவதுண்டே என்று கேட்கலாம். உண்டு, அதனால்தான் மரபு காப்புக் கட்டி, விரதம் வகுத்து, ஆட்டம் முடிந்ததும் காப்பு அவிழ்க்கும் முறையையும் வைத்தது. வேடத்துக்குள் நுழையவும் வெளியேறவும் வாசல்கள் வேண்டும் என்பதை அம்மக்கள் நன்கு அறிந்திருந்தனர். மேசை விளையாட்டிலும் அத்தகைய ஏற்பாடு உண்டு: எந்தக் காட்சிகள் வேண்டாம் என்று முதலிலேயே பேசி முடிவு செய்கின்றனர், பல குழுக்கள் நடுவில் ஓர் அட்டையை வைத்து, அதை யார் தொட்டாலும் காரணம் கேளாமல் அக்காட்சியை விட்டுவிடுகின்றன. நேரத்தை விழுங்கும் என்ற குறையில் மட்டும் நியாயம் உண்டு. அதற்குத் தேவை கால வரம்பு, தடையன்று.

மலேசியாவிலேயே செடெக் சியூவும் ஓவியர் மன் காவும் தென்கிழக்காசிய மண்ணின் கதைகளையும் வாழ்வையும் கொண்டு 'ஆயிரம் ஆயிரம் தீவுகள்' என்ற பொருள்படும் தலைப்பில் வேடமேற்பு விளையாட்டுக்கான சிறு நூல்களை உருவாக்கினர். அவ்வழியில் கேமரன் மலையின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் ஆலய இளைஞர் குழுக்களும் செல்லலாம். தாளும் எழுதுகோலும் சில பகடைகளும் போதும். தானா ராத்தாவிலோ ரிங்லட்டிலோ ஒரு மண்டபத்தை வாரம் ஒரு மாலை இதற்குத் திறந்து, லயத்துக் கதைகளைத் தெரிந்த முதியவர் ஒருவரை நடத்துநரின் அருகில் அமர்த்தித் தமிழிலேயே ஆட்டத்தைத் தொடங்குங்கள். தடைவிதிக்க நினைக்கும் பெற்றோரையும் அதே மேசையில் ஒரு வேடம் ஏற்க அழையுங்கள்.